இருபத்திரண்டாவது சாவி

சாவிகளைச் சின்னச் சின்ன வெல்வெட் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். நகைக்கடையில் மோதிரம் வைத்துக் கொடுக்கிற பெட்டி மாதிரி. மேடையில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. அதன் மேல் மூன்று வரிசைப் பெட்டிகள். வரிசைக்கு ஏழு.

எனக்குக் கணக்கு வராது என்று என் கணவர் ராமையா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டும். மூவேழு இருபத்தொன்று என்பது எனக்கும் தெரியும். ஆத்தங்கரைத் தோட்டத்தில் இருந்தது இருபத்திரண்டு வீடுகள்.

"பெட்டி ஒண்ணு கொறையுது, விக்டர்."

"அந்த ஆபீசர்கிட்ட இருக்கும் ஒய்பி. கேட்டுட்டு வாரேன்."

ஒய்பி என்பது இந்த நாட்டில் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டம். பதவி போன பிறகும் உரிய மாட்டேன் என்கிறது. நான் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது என் சேவை மையத்தைப் பார்த்துக்கொண்டவர் விக்டர். பாரிட் புந்தாரில் பிறந்து, ஈப்போவில் இருபது வருஷத்துக்கு மேல் தபால்காரராக இருந்தவர். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தேவாலயத்துக்குப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் என்னோடுதான்.

கூடாரத்துக்குள் மின்விசிறிகள் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. ஜனங்கள் மீஹூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர். வழக்கம்போல் தாமதம்.

விக்டர் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"இருபத்தொண்ணுதான் ஒய்பி. சன்னாசி அண்ணே பேரு லிஸ்ட்லயே இல்ல."

மேசைக்குப் போய்ப் பெட்டிகளை இன்னொரு தடவை எண்ணினேன். காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வீட்டுக்கும் சாவி கைக்கு வரும்வரை அந்தத் தோட்டத்தில் ஒரு தகரத்தைக்கூடத் தொட விடமாட்டேன் என்று கோயில் வாசலில் சூடம் அடித்தவள் நான். அன்றைக்குச் சூடத் தட்டைப் பிடித்திருந்தவர் சன்னாசி.

சூடம்

தோட்டத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு சண்டை வந்து அது எந்தப் பேச்சுக்கும் அடங்காமல் போனால் கடைசியில் யாராவது ஒருவர், "சூடம் அடிக்கிறியா?" என்று கேட்பார். கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. பொய்ச் சூடம் அடித்தவனோடு பிறகு யாரும் ஒரே பானையில் தண்ணீர் மொள்ள மாட்டார்கள்.

அரசியல்வாதிகள் இதன் பக்கமே போகமாட்டார்கள். அவர்கள் கொடுப்பது கடிதம். முத்திரை குத்திய கடிதத்துக்கு ஆயிரம் வழி உண்டு.

ஆத்தங்கரைத் தோட்டம் என்பது ஜனங்கள் வைத்த பெயர். பலகையில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் இருந்தது, அதை யாரும் சொன்னதில்லை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையைத் தாண்டி, சுண்ணாம்பு மலைக்குப் பின்னால். ரப்பர் மரம் போய் வெகு காலம். செம்பனையும் போய், கடைசியில் வீடமைப்புக்காக ஒரு கம்பெனி நிலத்தை வாங்கியது. மூன்று லயங்களில் இருபத்திரண்டு குடும்பங்கள் மிச்சமிருந்தன. ஆண்கள் காவல் வேலை, லோரி வேலை. பெண்கள் கையுறைத் தொழிற்சாலை.

கம்பெனிக்காரர்கள் சொன்னது இதுதான்: பக்கத்திலேயே இருபத்திரண்டு மலிவு வீடுகள் கட்டித் தருவோம். ஆனால் இருபத்திரண்டு குடும்பமும் சேர்ந்து காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் யாருக்கும் இல்லை. வீடுகளை யாருக்கு எழுதுவது என்பதை அரசாங்க வீடமைப்பு அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

கோயில் வாசலில் கூட்டம் போட்டோம். நான் கடிதம், அதாவது சூராட், தருகிறேன் என்றேன். முதல் லயத்து ராஜேஸ்வரி எழுந்தார். கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவர். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவர்.

"சூராட் எல்லாம் எங்ககிட்ட நெறைய இருக்கு ஒய்பி. போன ஒய்பி குடுத்ததும் இருக்கு, அதுக்கு முந்துன ஒய்பி குடுத்ததும் இருக்கு. லெமினேட் பண்ணி மாட்டி வச்சிருக்கோம். நீங்க சூடம் அடிக்கிறீங்களா? அதச் சொல்லுங்க."

விக்டர் என் காதருகே வந்து, "வேணாம் ஒய்பி, கட்சிக்குத் தெரிஞ்சா சூசா" என்றார். சிக்கலாகிவிடும் என்கிறார். சரியாகத்தான் சொன்னார்.

ஆனால் சன்னாசி அதற்குள் தட்டோடு வந்துவிட்டார். பூசாரி இல்லை அவர். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர், அது நின்றதும் புல் வெட்டியவர். மனைவி செத்துப்போன பிறகு பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாகக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயது. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். தட்டில் நாலு வில்லை சூடம் எரிந்தது. இரண்டு கையாலும் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றார்.

சொன்னேன். அடித்தேன். உள்ளங்கையில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. அந்த வாரமே இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று சத்தியங்கள்

போன வாரம் இந்தத் தொடரில், சட்டமன்றத்தில் என் முதல் பேச்சைப் பற்றி எழுதியிருந்தேன். தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி, "அக்கா, நீங்கள் ஜெயித்த கதைகளாகவே எழுதுகிறீர்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார். உண்மைதான். தன் கதையைத் தானே எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி அது. இந்த வாரம் அந்த வாசகிக்காக.

நான் இந்த நாட்டில் பிறந்தவள் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்தில் பிறந்து, இருபது வயதில் ராமையாவுக்கு வாழ்க்கைப்பட்டு, சுங்காயில் ஒரு தோட்டத்துக்கு வந்தவள். வந்து இறங்கிய அன்று மழை. லயத்துக்குப் போகும் செம்மண் பாதையில் என் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு பட்டை அறுந்துபோனது. ரப்பர் பால் காய்ந்த புளித்த வாடை எங்கே பார்த்தாலும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன்.

ஊரிலிருந்து வந்தவள் என்று என்னைச் சொல்வார்கள். இங்கே ஊர் என்றால் இந்தியா. தாத்தா காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் உள்ளூர், நான் மட்டும் ஊர். என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது அறந்தாங்கிக்குப் போனால், "என்னடி வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா'ங்கிற" என்று அங்கே சிரிக்கிறார்கள்.

முதலில் விசா, பிறகு பல வருஷம் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு என்றால் நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை. மலிவு வீடு இல்லை. அரசாங்க மருத்துவமனையில் கூடுதல் கட்டணம். குடிமக்களுக்கு நீலம். கவுண்டரில் அட்டையைக் கேட்டால், பின்னால் நிற்பவர்களுக்கு நிறம் தெரியாமல் உள்ளங்கையில் மறைத்துத்தான் நீட்டுவேன். நீல அட்டை வந்த அன்று ராமையா கோழி வாங்கி வந்தார், அவரே சமைத்தார், உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

தோட்டம் கைமாறியதும் ஜெலாப்பாங்குக்கு வந்தோம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் கூரை இல்லை. ஈப்போ மழை சொல்லிவைத்தாற்போல் சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்துக்குத்தான் வரும். கையெழுத்து வாங்கிக் கூரைக்காக அலைந்தேன். ஒன்பது மாதத்தில் கூரை வந்தது. அதன் பின்னால் கட்சியும் வந்தது. கொஞ்ச காலம் நகராண்மைக் கழக உறுப்பினராக உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு தேர்தலில் ஒரு பெண்ணும் வேண்டும், தோட்டத்து ஆளும் வேண்டும் என்று நிலைமை. இரண்டையும் ஒரே ஆளில் முடித்துக்கொண்டார்கள்.

எதிர்த்து நின்றவர் மேடைக்கு மேடை, "ஊர்ல இருந்து வந்தவங்க நமக்கு என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஆட்கள் அதை நாலு நாள் பேசினார்கள். சந்தையில் காய்கறி விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் மட்டும், "நீ எங்கேருந்து வந்தா எனக்கு என்னா? லோங்காங் அடைக்காம பாத்துக்க, போதும்லா" என்று கடைக்கு முன்னால் தேங்கிக்கிடந்த சாக்கடையைக் காட்டினார். இன்றுவரை நான் கேட்டதிலேயே தெளிவான தேர்தல் அறிக்கை அதுதான்.

ஆக, குடியுரிமை வாங்கும்போது வலது கையைத் தூக்கி ஒரு சத்தியம். சட்டமன்றத்தில் பட்டுப் புடவையோடு நின்று இன்னொரு சத்தியம். இரண்டையும் எழுதிக் கொடுத்தார்கள், படித்தேன். மூன்றாவதை மட்டும்தான் நானே என் வாயால் சொன்னேன், சூடத்தின் முன்னால்.

கறுப்பு வெள்ளை நகல்

இனி தப்பைச் சொல்கிறேன்.

வீட்டு விண்ணப்பங்களை நானும் விக்டரும்தான் நிரப்பினோம். தோட்டத்தில் ஆளை எண்ணுவது வாசலை வைத்து. முதல் லயம் மூன்றாம் வாசல், இரண்டாம் லயம் ஐந்தாம் வாசல். அப்படியே பட்டியல் போட்டோம். இருபத்திரண்டு வாசல், இருபத்திரண்டு பெயர். எல்லாரிடமும் அடையாள அட்டை நகல் வாங்கினோம். ஜெலாப்பாங் கடை ஒன்றில் எடுத்த நகல்கள். கறுப்பு வெள்ளை.

நகலில் நிறம் தெரியாது. கீழே சின்ன எழுத்தில் குடிமகனா, நிரந்தரவாசியா என்று இருக்கும். அதை நாங்கள் படிக்கவில்லை. நீலமா சிவப்பா என்று பார்த்தே பழகிய கண்களுக்கு அந்த எழுத்து படவே இல்லை. இருபது வருஷம் விலாசம் படித்த விக்டரும் படிக்கவில்லை. பல வருஷம் அட்டையை மறைத்து நீட்டிய நானும் படிக்கவில்லை.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். நம்மிடையே ஒருவரைப் பார்த்து, "உங்க ஐசி என்ன கலர்?" என்று கேட்பது சாதி கேட்பதைவிட மோசம். யாரும் கேட்கமாட்டார்கள். தவிர, ஆத்தங்கரைத் தோட்டத்திலேயே பிறந்து ஒரு நாள்கூட வெளியே குடியிருக்காத மனிதரிடம் கேட்கத் தோன்றுமா? ஊரிலிருந்து வந்த நானே நீலம். அவர் வேறு என்னவாக இருக்கமுடியும்?

சன்னாசி சிவப்பு.

லயத்திலேயே பிரசவம். பிறந்ததைப் போலீஸ் நிலையத்தில் எழுதிவைக்க வேண்டிய கங்காணி போகவில்லையோ, மறந்துவிட்டானோ, யாருக்கும் தெரியாது. பிறந்த பத்திரம் இல்லை. அட்டை கொடுத்தபோது சிவப்பு கொடுத்தார்கள். மூன்று தடவை நீலத்துக்கு மனுப்போட்டிருக்கிறார், மூன்று தடவையும் பத்திரம் போதவில்லை என்று பதில். மனைவி செத்த பிறகு விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

வீட்டு மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் அவர் பெயருக்குத் தபாலில் வந்திருக்கிறது. படித்துவிட்டு மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மைக்

கூடாரத்துக்குத் திரும்புவோம். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். வரவேற்புப் பாட்டு ஓடுகிறது. நான் மேடையின் பின்பக்கமாக இறங்கி, கடைசி வரிசைக்கும் பின்னால் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்த சன்னாசியிடம் போனேன். விருந்தினருக்கு ஆரத்தி எடுத்து முடித்த கையோடு அப்படியே நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க பேரு லிஸ்ட்ல இல்ல."

"தெரியும் ஒய்பி."

"தெரியுமா?"

"எனக்குச் சிவப்பு லா. குடுக்க மாட்டாங்க."

"அண்ணே, அன்னைக்கு நீங்கதான தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? அப்பவே ஏன் சொல்லல?"

தட்டில் மஞ்சள் நீர் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொன்னா நீங்க சூடம் அடிச்சிருப்பீங்களா? எங்கிட்ட கையெழுத்துதான் வாங்கியிருப்பீங்களா? ஒரு கையெழுத்து கொறஞ்சா யாருக்கும் கெடையாதுன்னாங்க. பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் போற புள்ளைங்க இருக்கு. நான் ஒண்டி ஆளு. கோயில் ஓரமாப் படுத்துக்குவேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். அவர் மேலும் கொஞ்சம். என் கையால் அடிக்க வைத்த சூடம் பொய் என்று தெரிந்தே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மேடைக்குப் போனேன். இருபத்தொரு சாவிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். படம் எடுத்தார்கள். ராஜேஸ்வரி பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தது விருந்தினர் பேச்சு. நான் மைக்கைப் பிடித்தேன். முதலில் மலாயில், பிறகு தமிழில்.

"இருபத்திரண்டு வீட்டுக்குச் சூடம் அடிச்சேன். இருபத்தொண்ணுதான் வந்திருக்கு. மூணாம் லயம் கடைசி வாசல், சன்னாசி அண்ணே வீடு பாக்கி. இந்த மண்ணுல பொறந்தவருக்குச் சிவப்பு அட்டைன்னு சொல்லி வீடு இல்லைன்னுட்டாங்க. அவர் கையில சாவி வர்ற வரைக்கும் இந்தத் தோட்டத்துல மெஷின் ஏறாது."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவரும் தட்டவில்லை. விருந்தினர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ராஜேஸ்வரியின் குரல்தான் கேட்டது.

"சும்மா இருங்க ஒய்பி! எங்க சாவியையும் பிடுங்கிடப் போறாங்க!"

சன்னாசியைத் தேடினேன். அவர் நின்ற இடத்தில் நாற்காலியின் மேல் தட்டு மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்றாம் லயத்துக்குப் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் ஒய்பி மைக்குல சொன்னீங்க? எழுபது வருஷமா இந்த லயத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எம் பொஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு நிமிசத்துல எல்லாருக்கும் சொல்லிட்டீங்க."

மன்னிச்சிடுங்க அண்ணே என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்டையை மறைத்து நீட்டியவள் நான். அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் உரித்துவிட்டேன். அரசியலில் நான் செய்த தப்புகளில் எனக்கு இன்னும் உறுத்துவது அது.

பிளாஸ்டிக் பை

மறுநாள் கட்சித் தலைவர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் பரவாயில்லை என்று அர்த்தம்.

"அம்மா, சூடம் உங்களோடது. எத்தன வேணும்னாலும் அடிங்க. மைக் அரசாங்கத்தோடது."

கம்பெனியோடும் அலுவலகத்தோடும் பேசிப் பேசி ஓர் இடத்துக்கு வந்தோம். முதல் இரண்டு லயங்களை இடித்துக்கொள்ளலாம். மூன்றாம் லயம் நிற்கும். அதாவது என் சத்தியத்தில் முக்கால்வாசி அந்த மேசையிலேயே போய்விட்டது. முதல் லயத்தின் தகரக் கூரையை இயந்திரம் கவ்வியபோது நான் அங்கே போகவில்லை. விக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சாப்பிட்டீங்களா ஒய்பி?" என்று மட்டும் கேட்டார்.

ராஜேஸ்வரியின் சாவியை யாரும் பிடுங்கவில்லை. புது வீடுகளில் இருபத்தொன்றில் மாவிலைத் தோரணமும் துணிக்கொடியும் வந்துவிட்டன. ஓரத்து வீடு ஒன்று மட்டும் பூட்டியபடி, வாசலில் புல் முளைத்துக் கிடந்தது.

ஏழெட்டு வாரம் கழித்துச் சன்னாசி சேவை மையத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மேசையில் கவிழ்த்தார். சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, மனைவியின் மரணப் பத்திரம், ஒரு ஆரம்பப்பள்ளி ரிப்போர்ட் கார்டு, மூன்று நிராகரிப்புக் கடிதங்கள்.

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனிமே என்ன இருக்கு மறைக்க? எழுதுங்க சூராட்."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பையோடு அலைந்தோம். பழைய பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினோம். பிறந்ததை நேரில் அறிந்த யாராவது வேண்டும் என்றார்கள். எழுபது வயதுக்காரர் பிறந்ததைப் பார்த்தவரை எங்கே தேடுவது? கடைசியில் அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர் ஒருவரைச் சுங்காய்ப் பக்கத்தில் கண்டுபிடித்தார் விக்டர், தபால்காரர் மூளையால். அவரைக் காரில் கூட்டிவந்து வாக்குமூலம் வாங்கினோம்.

நேர்காணலுக்கு நானும் கூட உட்கார்ந்தேன். அதிகாரி இளம் பெண். மரியாதையானவர். மலாயில், பெரியவர்களை அழைக்கும் பாச்சே என்ற சொல்லோடு கேட்டார்:

"பாச்சே, நீங்க எப்ப இந்த நாட்டுக்கு வந்தீங்க?"

சன்னாசி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நான் எங்கேருந்தும் வரலியே" என்றார்.

படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு ஆதரவாளர் படிவத்தைப் புரட்டினார். அதில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் நான் இந்தியா என்று எழுதியிருந்தேன். அவருடைய பக்கத்தையும் என்னுடைய பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அறந்தாங்கியில் பிறந்தவள், ஆத்தங்கரையில் பிறந்தவர் இந்த நாட்டுக்காரர்தான் என்று சாட்சி சொல்ல வந்திருக்கிறாள். எங்கள் மூன்று பேருக்குமே அது விளங்கியது. அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பட்டியல்

நீல அட்டை வருவதற்குள் சட்டமன்றம் கலைந்துவிட்டது.

வேட்பாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. இளையவர்களுக்கு வழி விட வேண்டும் என்றார் தலைவர். வழி விட்டேன். அந்த இளையவருக்கு என்னைவிட நாலு வயது கூடுதல். அது அந்தக் கூடாரத்து மைக்கினாலா என்று பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தலைவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வருத்தமாக இருந்தது. இரண்டு தவணை ஓடி ஓடிப் பழகிய காலுக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. ராமையா ஒரு வாரம் பொறுத்தார், பிறகு வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

பிரச்சாரம் தொடங்கிய வாரத்தில் சன்னாசிக்கு நீல அட்டை வந்தது. தேர்தல் அலுவலகத்தில், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுமா என்று விக்டர் விசாரித்ததற்கு, இந்தத் தடவை வாய்ப்பில்லை, பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். சன்னாசி, "பரவால்லலா, அடுத்த தடவ" என்றார். எழுபது வயதில் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நீல அட்டையைக் காட்டி மறுபடி மனுப்போட்டதில் சாவி கிடைத்தது. வீடமைப்பு அலுவலகத்தில், கவுண்டரில், ஒரு காகித உறையில். நானும் விக்டரும் கூடப் போயிருந்தோம். கையெழுத்துப் போட்டு உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கவுண்டர் பெண்ணிடம், "பெட்டி இல்லியா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

மூன்றாம் லயத்தை இடித்தபோது நான் போயிருந்தேன். கடைசி வாசல் தகரத்தை இயந்திரம் தொடுவதற்கு முன்னால் அவர் உள்ளே போய் மாரியம்மன் நாள்காட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. எங்கள் தொகுதியில் உட்கார்ந்திருந்த அந்த இளையவர் திடீரென்று காலமாகி, இடைத்தேர்தல். ஜெலாப்பாங் பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. நானும் ராமையாவும் காலையிலேயே போட்டுவிட்டு, வாசல் மரத்தடியில் சன்னாசிக்காக நின்றோம். உள்ளே போனவர் வரவே இல்லை. அவருக்குப் பின்னால் போன நாலைந்து பேர் வெளியே வந்துவிட்டார்கள். தாளைக் கெடுத்துவிட்டாரோ, அட்டையில் ஏதும் பிரச்சினையோ என்று வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன்.

வந்தார். அதே காக்கிச் சட்டை, கழுத்துப் பொத்தான் போட்டபடி. இடது கை ஆள்காட்டி விரலில் மை. சட்டையில் பட்டுவிடாமல் விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னண்ணே இவ்வளவு நேரம்? உள்ள ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. பேரத் தேடிக்கிட்டு இருந்தேன்."

"எந்தப் பேர?"

"உங்க பேரத்தான் தங்கச்சி."

"நான்தான் நிக்கலியேண்ணே. உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்லா. மூணு பேரு இருந்துச்சு. மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ பாத்தேன். மொத மொத போடுறேன். ஒருவேள இருந்து, நான் பாக்காம விட்டுறக் கூடாதுல்ல."

ராமையா காரை நிறுத்தியிருந்த இடத்தைக் காட்டினார். மூன்று பேரும் நடந்தோம். சன்னாசி விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார்.